பட்டாவில் பெயர் மாறிய வழக்கு: சேலம் எட்டு வழிச்சாலையில் இரண்டு நீதிமன்றங்களிலும் நிலைத்த ஒரே வாதம்

சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, 2018-ஆம் ஆண்டில் வயல்களுக்குள் நடப்பட்ட அளவைக் கற்களும், அவற்றைப் பிடுங்கி எறிந்த விவசாயிகளும், வரப்பில் வரிசையாக நின்ற காவலர்களும்தான். அந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்று உச்ச நீதிமன்றத்தில் தோற்றது என்பதே பொதுவாகப் பேசப்படும் முடிவு. அது பெரும்பாலும் சரிதான். ஆனால், நில உரிமையாளர்கள் முன்வைத்த வாதங்களில் ஒன்று மட்டும் இரண்டு நீதிமன்றங்களிலும் வென்று நிலைத்தது. காடு, மலை, நீர்நிலை, பொதுநோக்கம் ஆகியவற்றைப் பற்றிய பெரிய வாதங்கள் அல்ல அது. நிலம் அரசின் கைக்குப் போவதற்கு முன்பாகவே வருவாய்ப் பதிவேட்டில் உரிமையாளரின் பெயரை மாற்றியது செல்லாது என்ற, அதிகம் பேசப்படாத வாதம் அது. மனித உரிமைச் சட்டம் ஒரு சாதாரணக் குடும்பத்தின் அன்றாடத்தைத் தொடும் இடம் எது என்று கேட்டால், நான் இந்த வாதத்தைத்தான் காட்டுவேன்.

வழக்கின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மத்திய அரசின் நெடுஞ்சாலைத் திட்டமான பாரத்மாலாவின் கீழ் 277 கிலோமீட்டர் நீளத்தில், சுமார் 10,000 கோடி ரூபாய் மதிப்பில், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் வழியாகச் செல்லும் புதிய சாலை ஒன்று 2018-இல் அறிவிக்கப்பட்டது. சேலம் மாவட்டத்தில் அது சேர்வராயன் மலையின் கிழக்கு ஓரத்தில் உள்ள மஞ்சவாடிக் கணவாயைக் கடந்து, ஏற்காட்டுக்கு மற்றொரு மலைப்பாதை பிரியும் குப்பனூரை ஒட்டி, ஆச்சாங்குட்டப்பட்டி, ராமலிங்கபுரம், பூலாவரி என்று பல ஊர்களின் வயல்களையும் தோப்புகளையும் பிளந்துகொண்டு அரியானூரில் கோவை நெடுஞ்சாலையைத் தொடுவதாக இருந்தது. 2018-இலேயே நிலமெடுப்பு அறிவிப்புகள் வெளியாயின. அவற்றை எதிர்த்து நில உரிமையாளர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் அரசியல் தலைவர்களும் தொடுத்த வழக்குகளை ஒன்றாகச் சேர்த்து விசாரித்த உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் டி.எஸ். சிவஞானம், வி. பவானி சுப்பராயன் அமர்வு, 2019 ஏப்ரல் 8 அன்று அந்த அறிவிப்புகளை ரத்து செய்தது. மாற்றப்பட்ட வருவாய்ப் பதிவுகளை 8 வாரங்களுக்குள் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் ஒரு பகுதி. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 டிசம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது.

சட்டத்தின் படிக்கட்டு

1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் நிலம் கைமாறுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது; அந்த வரிசையைப் புரிந்துகொள்ளாமல் இந்த வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது. முதலில் 3ஏ பிரிவின் கீழ், இன்ன நிலத்தை எடுக்க எண்ணியிருக்கிறோம் என்று மத்திய அரசு அறிவிக்க வேண்டும்; அதன் சாரம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில், ஒன்றிலாவது வட்டார மொழியில், வெளிவர வேண்டும். அந்த அறிவிப்புக்குப் பிறகுதான் 3பி பிரிவின்படி அளவையாளர்கள் நிலத்துக்குள் நுழையவும், அளக்கவும், மண்ணைத் துளையிடவும், எல்லை குறிக்கவும் முடியும். 3சி பிரிவு, அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 21 நாள்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கவும், நேரிலோ வழக்கறிஞர் மூலமோ தன் தரப்பைச் சொல்லவும் உரிமையாளருக்கு இடம் தருகிறது. ஆட்சேபங்கள் முடிந்த பிறகு 3டி பிரிவின் கீழ் வெளியிடப்படும் பிரகடனம்தான் நிலத்தை எந்த வில்லங்கமும் இல்லாமல் மத்திய அரசுக்கு உரியதாக்குகிறது. அதற்குப் பிறகே இழப்பீடு நிர்ணயமும், 60 நாள் அவகாசத்துடன் கூடிய ஒப்படைப்பு அறிவிப்பும்.

சேலம் வழக்கில் நடந்தது என்னவென்றால், முதல் படியில் கால் வைத்த உடனேயே கடைசிப் படிக்குரிய காரியத்தைப் பதிவேட்டில் செய்து முடித்துவிட்டார்கள். 3ஏ அறிவிப்பு, எண்ணத்தைத் தெரிவிக்கும் அறிவிப்பு மட்டுமே. உரிமை அணுவளவும் மாறவில்லை. அந்த நிலையில் கையகப்படுத்தும் அமைப்பின் பெயருக்கு வருவாய்ப் பதிவுகள் திருத்தப்பட்டன. பெண் பார்த்துவிட்டுப் போன கையோடு, மாப்பிள்ளை வீட்டுக் குடும்ப அட்டையில் பெண்ணின் பெயரை எழுதிவிட்டதைப் போன்ற காரியம் இது. அலுவலகத்தில் இதைச் செய்தவர்களுக்கு இது ஒரு முன்னேற்பாடாகத் தோன்றியிருக்கக்கூடும். பெயர் போனவருக்கு இது என்னவாக இருந்திருக்கும் என்பதைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஒரு சிட்டா என்ன செய்கிறது

இ-சேவை மையத்தில் எடுத்துத் தரும் சிட்டா நகல் ஒரு பக்கத் தாள். மேலே மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், பட்டா எண். அதன் கீழே உரிமையாளரின் பெயரும் தந்தை அல்லது கணவர் பெயரும். பிறகு புல எண், உட்பிரிவு, நன்செய், புன்செய் என்ற பத்திகள், அவற்றில் ஹெக்டேர், ஏர் கணக்கில் பரப்பு, ரூபாயும் பைசாவுமாகத் தீர்வை, அதாவது நிலவரி. தீர்வைத் தொகை பெரும்பாலும் ஒரு தேநீர் விலையைத் தாண்டாது. ஆனால் அந்தத் தாளில் இருக்கும் பெயர் வரிதான் ஒரு விவசாயக் குடும்பத்துக்கும் அரசு, வங்கி, நீதிமன்றம் ஆகிய அனைத்துக்கும் இடையிலான தொடர்பு.

குப்பனூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் புன்செயும் ஒரு கிணறும் உள்ள ஒருவரை எண்ணிப்பாருங்கள். மரவள்ளி போட்டிருக்கிறார். சேலம் வட்டாரத்தில் கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போய்ப் பணமாவதற்குப் பத்து மாதங்களாகும்; அதுவரை உரத்துக்கும் ஆள்கூலிக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்க வேண்டும். சங்கம் கேட்பது சிட்டா, மணியக்காரர் என்றே இன்னும் ஊரில் அழைக்கப்படும் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், ஆதார். சிட்டாவில் அவர் பெயர் இல்லையென்றால், நிலத்தில் அவர் நின்றுகொண்டிருந்தாலும், கிழங்கு விளைந்துகொண்டிருந்தாலும், அவர் அந்த நிலத்தின் விவசாயி அல்லர். பயிர்க் காப்பீடு, இலவச விவசாய மின்இணைப்பில் பெயர் மாற்றம், சொட்டுநீர்ப் பாசன மானியம் எல்லாவற்றுக்கும் அதே தாள்தான் கேட்கப்படும். மகள் திருமணத்துக்காக அரை ஏக்கரை விற்க நினைத்தால், வாங்க வருபவர் முதலில் பட்டாவைத்தான் பார்ப்பார்.

இந்தக் காலகட்டத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நிலமுள்ள விவசாயக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டபோது, தகுதிக்கான அளவுகோலாக வைக்கப்பட்டது 2019 பிப்ரவரி 1 அன்று நிலப் பதிவேட்டில் இருந்த பெயர். உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது அதற்கு இரண்டு மாதங்களுக்குப் பிறகு. பெயர் திருத்தப்பட்ட பதிவேடு அந்தக் குறிப்பிட்ட நாளில் எதைச் சொல்லும் என்பது, நெடுஞ்சாலைச் சட்டத்தை எழுதியவர்களோ கிசான் திட்டத்தை வகுத்தவர்களோ நினைத்துப் பார்த்திராத கேள்வி. ஆனால் பதிவேடு அப்படித்தான் வேலை செய்கிறது, ஒரு துறையில் மாற்றிய ஒரு வரி மற்ற எல்லாத் துறைகளிலும் ஆளை இல்லாமலாக்கிவிடும்.

இன்னும் கொடுமையான ஒரு பின்விளைவையும் சொல்ல வேண்டும். அளவைக்கு எதிர்ப்புத் தெரிவித்துக் கைதான ஒருவரைச் சொந்த ஜாமீனில் விடாமல் பிணைதாரர் வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டால், பிணை நிற்க வரும் அண்ணனோ மாமனோ கொண்டுவர வேண்டியது சொத்துக்கான ஆதாரம். நிலத்தைக் காக்கப் போனவர் வெளியே வர, அதே நிலத்தின் பதிவேடு தேவைப்படுகிறது. சொத்துரிமையும் தனிமனித விடுதலையும் சட்டப் புத்தகத்தில் வேறு வேறு அத்தியாயங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் அவை ஒரே கோப்பு.

இந்த மண்ணுக்கு இது புதிதல்ல

இங்கே ஒரு பக்கக் குறிப்பு பொருத்தமாக இருக்கும். 1792-இல் சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தபோது, அங்கே வரி ஏற்பாட்டுக்காக அனுப்பப்பட்டவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ. இடைத்தரகரான ஜமீன்தாரை விட்டு, ஒவ்வொரு குடியானவரிடமும் நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறை உருவெடுத்தது இந்த வட்டாரத்தில்தான். கம்பெனியின் நோக்கம் வரி வசூல் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பெயர், ஒரு புலம், ஒரு தீர்வை என்ற அந்த ஏற்பாடுதான், பிற்காலத்தில் சிறு நிலவுடைமையாளரின் மதிப்புக்கும் பாதுகாப்புக்கும் அடிப்படையானது. அந்தப் பெயரை அரசே அவசரமாக எடுத்தது அதே மண்ணில் என்பது வரலாற்றின் கிண்டல்.

நீதிமன்றங்கள் ஏற்றதும் மறுத்ததும்

உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு அகலமானது. முதல் திட்டப் பட்டியலில் இல்லாத வழித்தடம் எப்படி உள்ளே வந்தது என்பதையும், சுற்றுச்சூழல் அனுமதி முன்கூட்டியே தேவையா என்பதையும் அது ஆராய்ந்து, அரசுக்கு எதிராக முடிவு செய்தது. உச்ச நீதிமன்றம் இவற்றை ஏற்கவில்லை. எந்தச் சாலையைத் தேர்வது என்பது அரசின் கொள்கை முடிவு என்றும், நெடுஞ்சாலையாக அறிவிக்கும் கட்டத்திலோ 3ஏ அறிவிப்பின் கட்டத்திலோ சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, வேலையைத் தொடங்கும் முன் அது இருந்தாக வேண்டும் என்றும் சொல்லி, நிலமெடுப்பைத் தொடர வழிவிட்டது. ஆனால் பதிவேட்டைப் பற்றிய உயர் நீதிமன்றத்தின் முடிவை அது தொடவில்லை. 3டி பிரகடனம் வராமல் நிலம் அரசுக்குச் சேராது. சேராத நிலத்துக்குப் பெயர் மாற்றம் செய்ய அதிகாரம் இல்லை. எனவே பதிவுகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது உறுதியானது.

உச்ச நீதிமன்றத்தின் குறுகிய அணுகுமுறையில் எனக்கு மனக்குறை உண்டு. அனுமதி கிடைக்குமா என்றே தெரியாத ஒரு திட்டத்துக்காக ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் நிச்சயமில்லாமல் இருக்க வேண்டும் என்பதைத் தீர்ப்பு எளிதாகக் கடந்து போகிறது. கிணற்றைத் தூர்வாருவதா, தென்னங்கன்று வைப்பதா என்று முடிவெடுக்க முடியாத நிலையும் ஓர் இழப்புதான். இருந்தாலும், தீர்ப்பில் எஞ்சிய அந்த ஒரு பகுதியின் பயன், அகலமான தீர்ப்பின் பயனைவிட நீண்டது என்று நினைக்கிறேன். எட்டு வழிச்சாலை ஒன்றுதான். ஆனால் நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதும் வெளியாகும் ஒவ்வொரு 3ஏ அறிவிப்புக்கும் அந்த விதி பொருந்தும்.

சொத்து, மனித உரிமையா?

சொத்துரிமை ஒரு காலத்தில் அடிப்படை உரிமையாக இருந்தது. நிலச் சீர்திருத்தங்களுக்கு அதைப் பெரும் நிலவுடைமையாளர்கள் கேடயமாகப் பயன்படுத்தியதன் பின்னணியில், 1978-இன் 44-ஆவது அரசமைப்புத் திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து, சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்ற 300ஏ உறுப்பாக மாற்றியது. இரண்டு ஏக்கர்க்காரருக்கும் இருநூறு ஏக்கர்க்காரருக்கும் ஒரே கேடயம் என்பதால் அது எல்லாருக்கும் சேர்த்துத் தாழ்த்தப்பட்டது. ஆனால் இன்று அதை நாடி நீதிமன்றப் படியேறுபவர்களில் சிறு நிலத்துக்காரர்களும் இருக்கிறார்கள். இமாசலப் பிரதேசத்தில் 1967-68-இல் சாலைக்காக நிலத்தை எடுத்துக்கொண்டு எந்த நடவடிக்கையும் இழப்பீடும் இல்லாமல் விட்டுவிட்ட அரசுக்கு எதிராக, எழுதப் படிக்கத் தெரியாத 80 வயது மூதாட்டி ஒருவர் தொடுத்த வழக்கில், 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொத்துரிமை ஒரு மனித உரிமை என்று சொல்லி இழப்பீட்டுக்கு ஆணையிட்டது. 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 17-ஆவது உறுப்பும் எவரும் தன்னிச்சையாகச் சொத்தை இழக்கச் செய்யப்படக் கூடாது என்கிறது.

2024 மே மாதத்தில் கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்று, 300ஏ உறுப்புக்குள் ஏழு உரிமைகள் அடங்கியுள்ளன என்று வகுத்தது. அறிவிப்புப் பெறுவது, ஆட்சேபம் கேட்கப்படுவது, காரணத்துடன் கூடிய முடிவைப் பெறுவது, எடுப்பது பொதுநோக்கத்துக்காக மட்டுமே இருப்பது, நியாயமான இழப்பீடு, காலதாமதமில்லாத நடைமுறை, கடைசியாக, எல்லாம் முடிந்து நிலம் முறைப்படி கைமாறும் நிறைவு. சேலம் வழக்கை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் குறை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஏழாவதாக வர வேண்டியதை முதலில் செய்ததால், இடையிலிருந்த உரிமைகள் வெறும் சடங்காகிவிடும் நிலை உண்டானது. பதிவேட்டில் ஏற்கெனவே பெயர் இழந்தவரின் ஆட்சேபத்தை எந்த அதிகாரி திறந்த மனத்துடன் கேட்பார்?

மலைமேல் நிலைமை வேறு. சேர்வராயன் மலைக் கிராமங்களில், வழிவழியாக உழும் நிலத்துக்குப் பட்டாவே இல்லாத பழங்குடியினருக்குப் பாதுகாப்பு 2006-இன் வன உரிமைச் சட்டம். உரிமைகளைச் சரிபார்க்கும் பணி முடியும்வரை வனநிலத்திலிருந்து எவரையும் வெளியேற்றக் கூடாது என்று அதன் 4(5) பிரிவு சொல்கிறது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

எங்கே போய்ச் சொல்வது

பெயர் மாறியிருப்பதைக் கண்டவர் முதலில் செய்யக்கூடியது வருவாய்த் துறைக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாடு பட்டாப் புத்தகச் சட்டம், 1983, பதிவைத் திருத்தும் முன் பாதிக்கப்படுபவருக்கு வாய்ப்பளிக்கச் சொல்கிறது. வட்டாட்சியரின் ஆணைக்கு எதிராகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் உண்டு. நெடுஞ்சாலை நிலம் என்றால், 3டி பிரகடனத்தின் நாளையும் பெயர் மாற்றம் நடந்த நாளையும் அருகருகே எழுதி, பெயர் மாற்றம் பிரகடனத்துக்கு முன்பே நடந்துவிட்டது என்று காட்டினாலே போதும்; 2020 டிசம்பர் தீர்ப்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர் சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் அங்கே இலவச சட்ட உதவி கிடைக்கும். வீட்டில் ஆண்களின் பெயரில் மட்டுமே மனு எழுதும் வழக்கம் இருப்பதால், கூட்டுப் பட்டாவில் பெயருள்ள பெண்கள் பலர் இந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள்.

மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறதே என்று கேட்கலாம். 1997 முதல் சென்னையில் இயங்கும் அந்த ஆணையத்துக்குக் கட்டணமின்றி மனு அனுப்பலாம். அளவையின்போது காவலர்கள் அடித்தார்கள், சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைத்தார்கள் என்ற புகாருக்கு அது பொருத்தமான இடம். பெயர் மாற்றத்துக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி. 1993-இன் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், உயிர், விடுதலை, சமத்துவம், கண்ணியம் தொடர்பாக அரசமைப்பு உறுதியளிக்கும் உரிமைகளையும், பன்னாட்டு உடன்படிக்கைகளில் அடங்கி இந்திய நீதிமன்றங்களால் செயல்படுத்தத்தக்க உரிமைகளையுமே மனித உரிமை என்று வரையறுக்கிறது. 1966-இன் இரண்டு பன்னாட்டு உடன்படிக்கைகளிலும் சொத்துரிமைக்கென்று உறுப்பு இல்லை. தேசிய ஆணையத்தின் நடைமுறையோ சொத்து தொடர்பான உரிமையியல் தகராறுகளையும், நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளவற்றையும் ஏற்பதில்லை. உச்ச நீதிமன்றம் மனித உரிமை என்று சொல்வதை ஆணையத்தின் வாசலில் நிலத் தகராறு என்று திருப்பி அனுப்ப இடமிருக்கிறது.

அதோடு, அச்சட்டத்தின் 36(2) பிரிவு, நிகழ்வு நடந்து ஓராண்டுக்குப் பிறகு ஆணையம் விசாரிக்க முடியாது என்கிறது. 2018-இல் பெயர் இழந்தவருக்கு அந்தக் கெடு 2019-இல் முடிந்துபோனது. பெயர் இழந்தது தவறு என்று இறுதியாக உறுதியானதோ 2020 டிசம்பரில். தீர்ப்பின் ஆணை பதிவை மீட்பதோடு நிற்கிறது. இடைப்பட்ட காலத்தில் பயிர்க்கடன் மறுக்கப்பட்டிருந்தாலோ, விற்பனை முறிந்திருந்தாலோ, மானியம் தவறியிருந்தாலோ அதற்கான ஈடு எங்கிருந்தும் தானாக வராது. அரசமைப்பின் 226-ஆவது உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு இழப்பீடு வழங்கும் அதிகாரம் உண்டு. சட்டவிரோதக் காவல் வழக்குகளிலும் காவல் மரண வழக்குகளிலும் 1983 முதல் உச்ச நீதிமன்றம் வளர்த்தெடுத்த கோட்பாடு அதற்குத் துணையாக இருக்கிறது. எனவே இனி இதே நிலைக்கு ஆளாகும் ஒருவர் ரிட் மனு போடும்போது, பதிவைத் திருத்தக் கேட்பதுடன் நிறுத்தாமல், கூட்டுறவுச் சங்கம் கடனை மறுத்த கடிதம், முறிந்த கிரய ஒப்பந்தம், பெயர் மாறிய நாளில் எடுத்த சிட்டா நகல் ஆகியவற்றை இணைத்து, இழப்பீட்டையும் அதே மனுவில் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.